நல்ல ரகம் மட்டும் போதுமா?

நல்ல விதை வந்துவிட்டால் உழவர் வாழ்வு தானே மலர்ந்துவிடும் என்று பலரும் எண்ணுகிறோம். அது பாதி உண்மையே. மீதியை எங்கள் வீட்டு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் எனக்குக் கற்பித்தது.

நாம் மல்லாட்டை என்று அழைக்கும் நிலக்கடலை தென்னமெரிக்காவில் தோன்றிய பயிர். விழுப்புரம், திண்டிவனம் பகுதிப் புன்செய்களில் அது பல தலைமுறைகளாக விளைகிறது. டி.எம்.வி. என்று தொடங்கும் ரகங்களின் பெயரில் ஒளிந்திருப்பது நம் திண்டிவனமே என்பதைத் தோழியர் எத்தனை பேர் அறிவீர்கள்? திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. 2, 1940ஆம் ஆண்டில் வெளிவந்தது. குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து தெரிந்தெடுத்த அந்த ரகம், ஆந்திரத்து அனந்தப்பூர் வரை சென்று பல்லாண்டுகள் பயிராயிற்று.

கொடிக்கடலை முற்ற நான்கு மாதங்களுக்கு மேலாகும். கொத்துக்கடலை ஏறக்குறைய 105 நாட்களில் முற்றிவிடும். காய்கள் செடியின் அடியிலேயே திரண்டிருப்பதால், ஈரமிருந்தால் கையாலேயே பிடுங்கலாம், கூலி மிச்சம். ஆனால் அறுவடை வேளையில் மழை பிடித்துக்கொண்டால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். ரகத்தோடு முறையும் வேண்டும். விதைத்த 40 முதல் 45 நாட்களுக்குள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்தால் பருப்பு நன்கு திரளும்.

இவ்வளவு இருந்தும் சிறு உழவர் கையில் காசு ஏன் தங்குவதில்லை? ஓர் ஏக்கர் விதைக்க 50 கிலோவுக்கு மேல் பருப்பு தேவை. எங்கள் வீட்டில் ஓராண்டு, கடன்காரர் வாசலில் நின்றதால், ஐப்பசியில் காயை முழுவதும் விற்றோம். அடுத்த ஆடியில் விதைக்காகக் கடைக்குச் சென்றபோது விலை ஏறியிருந்தது. அம்மாவின் கம்மல் அடகுக்குப் போயிற்று. “விதையை வித்துட்டு வெள்ளாமை பண்ண முடியுமா?” என்று ஆயா அன்று கேட்டது இன்னும் என் காதில் ஒலிக்கிறது.

அதற்குப் பின் விதைக்காயை நன்றாகக் காயவைத்து, ஓட்டோடு மூட்டை கட்டித் தனியே வைக்கிறோம். விதைப்பதற்குச் சற்று முன்புதான் உடைக்கிறோம். மீதிக் காயை வீட்டு வாசலில் வந்து கேட்பவரிடம் கொடுக்காமல், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு எடுத்துச் சென்று எடை பார்த்து விற்கிறோம். எல்லாக் குடும்பங்களாலும் இப்படிக் காத்திருக்க இயலாது. ஆகவே அறுவடை நேரத்தில் குறைந்த வட்டிக் கடனும், விதைப்பு நேரத்தில் நியாய விலையில் நல்விதையும் கிடைப்பதே புதிய ரகத்தைப் போலவே முக்கியம் என்பது என் கருத்து.

காய் ஆய்பவரும் உடைப்பவரும் பெரும்பாலும் நம் அன்னையரே. ஆனால் எதை விற்பது, எதை வைப்பது என்ற பேச்சில் அவர்கள் குரல் கேட்பதில்லை. கணக்கும் அறிவியலும் பயிலும் மாணவியராகிய நாம், இந்த விடுமுறையில் வீட்டு விளைச்சலின் வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டுவோமா? நல்ல விதையை ஆராய்ச்சி நிலையம் தரும். அதைக் காக்கும் பொறுப்பு நம் வீட்டுடையது.