பீடிஎப் நூலைக் காப்பாற்றாது

"பீடிஎப் இருக்குத்தானே, பிறகென்ன?" யாழ்ப்பாணத்தில் மலர் வெளியிடுகிறவர்களிடம் மூலக் கோப்பு எங்கே என்று கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில் இது. கும்பாபிஷேக மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், 31ஆம் நாள் நினைவு மலர் எல்லாவற்றுக்கும் இதே நம்பிக்கைதான். இது பிழையான நம்பிக்கை. நேற்று அச்சான நூலையே இது நம்மிடமிருந்து பறிக்கிறது.

தெல்லிப்பழைக் குடும்பமொன்றின் நினைவு மலரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவில், பேஜ்மேக்கரில் பக்கம் கட்டியது. அதன் பீடிஎப்பில் "தெல்லிப்பழை" என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. ஒரு வரியைப் பிரதியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் கொட்டும். மெய்யெழுத்தின் புள்ளி நிற்கவேண்டிய இடத்தில் அரைப்புள்ளி நிற்கும். யூனிகோட்டில் அடித்திருந்தாலும் பல பீடிஎப்களில் கொம்பு முன்னே ஓடி "ெதல்லிப்பைழ" என்றாகிவிடும். 1990இல் போரால், தெல்லிப்பழையும் சேர்ந்த வலிகாமம் வடக்கை விட்டு இடம்பெயர்ந்தவர்களில் எத்தனையோ பேர் உறுதிகளையும் படங்களையும் இழந்தவர்கள். அவர்களின் வம்சவழி, குறிச்சி, குலதெய்வம் எல்லாம் இந்த மலர்களில்தான் எழுத்தில் இருக்கின்றன. அதைப் பேரப்பிள்ளை தேடிக் கண்டெடுக்க முடியாதென்றால் எதைக் காப்பாற்றினோம்?

கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் மகள் வட்ஸ்அப்பில் வந்த ஏ4 பக்கத்தைக் கைத்தொலைபேசியில் பெருப்பித்து, இடமும் வலமும் இழுத்து இழுத்து வாசிக்கிறாள். பார்வையற்ற ஒருவரின் திரைவாசிப்பானுக்கோ பாமினிக் கோப்பு வெறும் இரைச்சல். காரணம் எளிது. எந்த எழுத்து தாளில் எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்பதே பீடிஎப்பின் முதற்கவலை. எது தலைப்பு, எது தேவாரம், எது பிறந்த திகதி என்று தனியாகக் குறித்து வைத்தாலொழிய அதற்குத் தெரியாது. அது விளைச்சல், விதைநெல் அல்ல.

அந்த விபரங்களைக் குறித்து வைக்கத்தான் எக்ஸ்எம்எல் என்னும் குறிமொழி வந்தது. 1998 பெப்ரவரியில் அது தரநிலையானது. குறிச்சொற்களைத் தமிழிலேயே வைக்கலாம்: <பாடல்>, <அடி>, <பிறந்தஊர்>. இப்படி ஒரு மூலம் இருந்தால் அதிலிருந்தே அச்சுப் புத்தகம், கைத்தொலைபேசிக்கான மின்னூல், இணையப் பக்கம், பிரெயில் எல்லாம் எடுக்கலாம். பெரியம்மாவின் பெயரில் எழுத்துப்பிழையா? மூலத்தில் ஒரு தடவை திருத்தினால் போதும், மறுபடி எடுக்கும் எல்லா வடிவங்களிலும் சரியாகிவிடும். இன்று நடப்பது வேறு: அச்சுக்குப் போன பிரதியில் பெயர் திருந்தியிருக்கும், உறவினர்களுக்கு அனுப்பிய பிரதியில் பிழை அப்படியே கிடக்கும். தமிழ் மின்னூல்களை இலவசமாக வெளியிடும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் குழுவினர் ஒரே உரையை ஈபப் மின்னூலாகவும், ஏ4 பீடிஎப்பாகவும், ஆறங்குலத் திரைக்கான பீடிஎப்பாகவும் கொடுத்து வந்திருக்கிறார்கள். இது ஆகாத காரியமில்லை.

பழைய நூல்களின் கதை வேறு. தெல்லிப்பழை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் 1922இல் அச்சான ஜே. வி. செல்லையாவின் வட்டுக்கோட்டை செமினரி வரலாற்றுக்குக் கணினிக் கோப்பு எங்கே இருக்கப்போகிறது? அப்படிப்பட்டவற்றை வருடிப் படமாகவேனும் வைத்திருக்கும் நூலகம் நிறுவனத்தின் பணிக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். என் கோபம் கணினியிலேயே பிறந்த நூலையும் படமாக்கிவிட்டு மூலத்தைக் கைவிடுகிறவர்கள் மேல்தான்.

"எக்ஸ்எம்எல் எல்லாம் எங்களுக்குச் சரிவராது" என்பார்கள். வேர்ட் 2007 முதல் நீங்கள் சேமிக்கும் டொக்எக்ஸ் கோப்பே உள்ளுக்குள் எக்ஸ்எம்எல்தான். தலைப்பை எழுத்தைப் பெருப்பித்துக் காட்டாமல் 'தலைப்பு' என்ற பாணியைக் கொடுத்து அடித்தால் பாதி வேலை முடிந்தது. அதை மின்னூலாக்க பான்டொக் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. படங்கள் நிறைந்த பக்கங்களைக் கையால் கட்டத்தான் வேண்டும். அதற்காக உரையையும் பலி கொடுக்க வேண்டியதில்லை.

மூலக் கோப்பைக் கொடுத்தால் அடுத்த பதிப்பு வேறு அச்சகத்துக்குப் போய்விடும் என்று அச்சகத்தார் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானதே. அதற்கு வழி, தட்டச்சுக் கூலியோடு மூலக் கோப்புக்கும் ஒரு விலை பேசி, பில்லில் தனி வரியாகப் போட்டு, மலர் கைக்கு வரும் அன்றே அதையும் கேட்டு வாங்குவதுதான்.