துப்பறியும் நாவல்களுக்கும் ஓர் அலமாரி வேண்டும்



1827இல் தொடங்கப்பட்ட எங்கள் ஊர் ரோமன் ரோலண்ட் நூலகத்திலிருந்து அண்மையில் நான் எடுத்துவந்தவை பெரும்பாலும் துப்பறியும் நாவல்கள். "இந்த வயதில் இதெல்லாமா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். ஏன் கூடாது? 1968இல் குமுதத்தில் தொடராக வந்த சுஜாதாவின் 'நைலான் கயிறு', வக்கீல் கணேஷை அறிமுகப்படுத்திய கதை. அதன் வாக்கியங்களின் வேகம் இன்றும் குறையவில்லை. தேவனின் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால், ராஜேஷ்குமாரின் விவேக் எனத் துப்பறிவாளர்களைப் படைத்துப் பல தலைமுறைகளை வாசிக்கப் பழக்கியவர்கள் இந்த எழுத்தாளர்கள். இலக்கிய வரலாறுகளில் இவர்களுக்கு ஒரு பத்தி கிடைத்தாலே அதிகம் என்பது எனக்கு வருத்தம்.

துப்பறியும் கதைகளை இலக்கியமாக ஏற்பதில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் தயக்கம் இல்லை. பிரெஞ்சு மொழியில் சிம்னோன் எழுதிய, போலீஸ் அதிகாரி மெக்ரே துப்பறியும் நாவல்கள் 75. அவற்றில் சிலவற்றைச் செவ்வியல் வரிசையில் வைத்துப் பதிப்பிக்கிறார்கள். பிரெஞ்சும் தமிழும் அறிந்தவர்கள் வாழும் புதுச்சேரியிலிருந்து அவற்றில் சிலவாவது நேரடியாகத் தமிழுக்கு வர வேண்டும்.

அதைவிட அவசரமானது ஒன்று உண்டு. எண்பதுகளில் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவல்கள் மலிவான செய்தித்தாள் காகிதத்தில் அச்சானவை. பழுத்து, தொட்டால் உதிர்கின்றன. அவற்றைப் பைண்டு செய்து, மின்னாக்கம் செய்து காக்க அரசு முன்வர வேண்டும். வீட்டுப் பரணில் இத்தகைய நாவல்கள் வைத்திருக்கும் வாசகர்களே, பழைய பேப்பர் கடைக்குப் போடுமுன் தயவுசெய்து ஒரு நூலகத்தைக் கேளுங்கள்.

– ஒரு வாசகர், புதுச்சேரி