ரோலர் வீட்டுக்கு, ஸ்ப்ரே கன் பட்டறைக்கு

அமெரிக்காவில் பிக்கப் வண்டி வாங்கியவருக்கு, வண்டி வீடு வந்து சேர்ந்த கையோடு ஒரு கேள்வி வந்துவிடும்: பின்தொட்டிக்குப் பூச்சு எங்கே அடிப்பது? ஜல்லி, விறகு, புல்வெட்டும் இயந்திரம், உடைத்த கான்கிரீட் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் தூக்கிப் போடும் இடம் அது. மண்வெட்டி முனை ஒருமுறை கீறினால் போதும், பெயின்ட் போய்விடும். பனிக்காலத்தில் வட மாநிலச் சாலைகளில் கொட்டும் உப்பு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். தொட்டிக்குள் அப்படியே பொருத்திவிடும் பிளாஸ்டிக் தட்டுகளும் உண்டு. ஆனால் அவற்றின் அடியில் மணல் புகுந்து அரைக்கும், தண்ணீர் தேங்கும், தட்டைக் கழற்றும் நாளில்தான் துரு கண்ணில் படும். தகட்டோடு ஒட்டிக்கொள்ளும் பூச்சுக்கு மவுசு வந்தது அதனால்தான். ரைனோ லைனிங்ஸ், லைன்-எக்ஸ் போன்ற நிறுவனங்களின் பெயரில் இயங்கும் பட்டறைகளில் அடித்தால் பெரும்பாலும் 500 டாலரைத் தாண்டும். வீட்டிலேயே அடித்துக்கொள்ளும் சாமான் 100, 150 டாலருக்குக் கிடைக்கிறது. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் வாதம் எல்லாம் நடக்கிறது. பணத்தைப் பேசுகிறார்கள், உழைப்பைப் பேசுகிறார்கள். அடிக்கிறவரின் மூச்சைப் பற்றிப் பேச்சே இல்லை.

தரத்தைப் பொறுத்தவரை பட்டறைப் பூச்சு உசத்திதான், அதில் சந்தேகமில்லை. இரண்டு ரசாயனங்களைச் சூடாக்கி, பெரும் அழுத்தத்தில் தனித்தனிக் குழாய்களில் கொண்டுவந்து, கன்னின் முனையில் கலந்து பீய்ச்சுகிறார்கள். தகட்டில் பட்ட சில விநாடிகளில் இறுகிவிடும். அதனால் 3 மில்லிமீட்டர் வரை தடிமனாக ஏற்ற முடிகிறது. ரோலரால் இரண்டு கோட் உருட்டினால் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. ஆனால் பூச்சு உரிந்து வருவதற்குத் தடிமன் காரணமில்லை. அடியில் மினுமினுப்பு போகாமல் விட்ட பெயின்ட், துடைக்காமல் விட்ட எண்ணெய்ப் பிசுக்கு, காயாத ஈரம், இவைதான் உரிய வைக்கும். உப்புத்தாள் போட்டு மூலை முடுக்கெல்லாம் தேய்த்து, தின்னரால் துடைத்து, வெள்ளைத் துணியில் அழுக்கு வராத வரைக்கும் மறுபடி துடைக்கிற வேலை அரை நாளைத் தின்னும். அவசரத்தில் இருக்கும் பட்டறை இதைச் சுருக்கிவிடலாம். தன் வண்டிக்குத் தானே தேய்ப்பவர் சுருக்க மாட்டார். பழைய வண்டிக்கு, மாதம் நாலு தடவை சாமான் ஏற்றுபவருக்கு, ரோலர் வேலை தாராளமாகப் போதும். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி பூசிக்கொள்ளலாம். இதுவரை நான் வீட்டு வேலைக்காரர் கட்சி.

சிக்கல், அந்த வீட்டு வேலைக்காரர் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுக்கும்போது வருகிறது. பரவலாக விற்கும் ஒரு வகைப் பெட்டியில் முக்கால் லிட்டர் பூச்சு கொண்ட நான்கு பாட்டில்களும் ஒரு லிட்டர் ஹார்ட்னரும் இருக்கும். பாட்டிலுக்குக் கால் லிட்டர் ஹார்ட்னரை ஊற்றி, நன்றாகக் குலுக்கி, கன்னைத் திருகி, கம்ப்ரசரைப் போட வேண்டியதுதான். அந்த ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். நமக்கு இது புதிய பெயரில்லை. 1984 டிசம்பரில் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட் இதே குடும்பம். பூச்சில் சேர்ப்பது அவ்வளவு எளிதில் ஆவியாகாத பங்காளி, அதைப் போபாலோடு ஒப்பிடுவது மிகை. ஆனால் டப்பாவில் சாதுவாகக் கிடப்பதை கன் மூடுபனியாக்கி மூக்குக்கு நேரே நிறுத்திவிடுகிறது. ஆஸ்துமாவை உண்டாக்கும் தொழிற்சாலை ரசாயனங்களில் இது முன்வரிசையில் நிற்பது. உடல் ஒருமுறை இதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் நெஞ்சு அடைக்கும். சிலருக்கு வேலை முடிந்து பல மணி நேரம் கழித்து, இரவில் இளைப்பு தொடங்கும். பெயின்ட்டின் நினைப்பே வராது.

முகமூடி போட்டுக்கொண்டால் ஆயிற்று என்பார்கள். கடையில் விற்கும் வடிகட்டி முகமூடி எப்போது தீர்ந்துபோனது என்பதை மூக்கு சொல்லாது, ஏனென்றால் வாசனை தெரிவதற்கு முன்பே ஐசோசயனேட் ஆபத்தான அளவைத் தொட்டிருக்கும். அதனால்தான் இந்த வேலைக்கு வெளியிலிருந்து குழாயில் சுத்தக் காற்று வரும் முகமூடியைச் சொல்கிறார்கள். ஒரே ஒரு நாள் வேலைதானே என்பதும் தேறாது. அளவு மீறினால் ஒரு தடவையே போதும். அமெரிக்க வீடுகளில் கராஜிலிருந்து சமையலறைக்கு ஒரு கதவுதான் இடைவெளி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பட்டறைக்காரர் மட்டும் இரும்பு நுரையீரலோடு பிறந்தவரா என்று திருப்பிக் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நியோஷ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், 2006-ல் பிக்கப் தொட்டிப் பூச்சு வேலைக்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஆஸ்துமா என்ற சொல்லோடு மரணம் என்ற சொல்லும் அதன் தலைப்பிலேயே இருக்கிறது. அது முதன்மையாக இதையே தொழிலாகச் செய்பவர்களுக்காக எழுதப்பட்டது. அடுத்து 2013-ல், தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தை அமல்படுத்தும் ஓஷா, ஐசோசயனேட் புழங்கும் இடங்களைக் குறிவைத்து நாடு தழுவிய சோதனைத் திட்டம் ஒன்றை அறிவித்தது. ஆக, பட்டறையிலும் ஆபத்து உண்டு. ஆனால் அங்கே தனி அறை, காற்றை உறிஞ்சும் விசிறி, குழாய் முகமூடி எல்லாம் இருக்க வேண்டும் என்று கேட்க ஓர் ஆய்வாளர் வரலாம். சொந்தக் கராஜுக்கு யாரும் வர மாட்டார்கள். பட்டறையில் கொடுக்கும் கூடுதல் டாலர்களில் ஒரு பங்கு அந்த விசிறிக்கும் முகமூடிக்கும் போகிறது. போகவில்லை என்றால் அந்தப் பட்டறைக்கு அந்தக் கூலி அதிகம்.

ஆகவே ரோலரும் பிரஷும் என்றால், கதவைத் திறந்து வைத்து, கையுறை போட்டு நீங்களே செய்யுங்கள். இரண்டு டப்பாக்களைக் கலந்து கன்னில் அடிப்பதென்றால், எத்தனை கைத்தேர்ச்சி இருந்தாலும் பட்டறைக்கு விடுங்கள். லேபிளில் ஐசோசயனேட் என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அரை நிமிடம் ஆகும்.

பிக்கப் நம் ஊர் வண்டியில்லை என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. நம் பட்டறைகளில் கார்களுக்கு அடிக்கும் டூ-பேக் பியூ பெயின்ட்டின் ஹார்ட்னரிலும் இதே ஐசோசயனேட்தான் இருக்கிறது. முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அதை அடிக்கும் பெயின்டரைத் தெருவில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். அடுத்த முறை வண்டியை விடும்போது முதலாளியிடம் ரேட்டைக் குறைக்கச் சொல்லாதீர்கள். அந்தக் காற்றுக்குழாய் முகமூடிக்கும் சேர்த்து ரேட் சொல்லச் சொல்லுங்கள்.