கல் எங்கே இருந்தது?

உடும்பஞ்சோலையின் நிலப் பிரச்சினையை ஓர் எண்ணில் அடக்கிவிடலாம். அந்த எண் எது என்பதில்தான் தகராறு. ஏல மலைக் காடுகளை ரிசர்வ் ஆக்கி 1897-ல் திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட அறிவிக்கையில் உள்ள பரப்பு 15,720 ஏக்கர் என்கிறது கேரள அரசு. இல்லை, 2,15,720 ஏக்கர் என்கின்றன சுற்றுச்சூழல் அமைப்புகள். முதல் எண்படி ரிசர்வ் சுமார் 64 சதுர கிலோமீட்டர். இரண்டாவது எண்படி 870 சதுர கிலோமீட்டருக்கு மேல். முன்னால் ஒரு '2' இருந்ததா, இல்லையா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போய்விட்டது. 2024 அக்டோபரில், ஏல மலைப் பகுதியில் புதிதாகப் பட்டா கொடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது.

டெல்லியில் வழக்கறிஞர்கள் ஆயிரம் ஏக்கர், லட்சம் ஏக்கர் என்று வாதிடுகிறார்கள். மலையில் அதே சண்டை சென்ட் கணக்கில் நடக்கிறது. பாகம் பிரிக்க வேண்டும், தோட்டத்தை விற்க வேண்டும், பக்கத்துத் தோட்டக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டார் என்றால் முதலில் தேடப்படுபவர் தாலுகா சர்வேயர் அல்ல. அவருக்கு மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தேடப்படுபவர் கடைத்தெருவில் ஒற்றை அறையில் உட்கார்ந்திருக்கும் தனியார் சர்வேயர். பெரும்பாலும் அது ஒரு குடும்பத் தொழில். அப்பா சங்கிலி இழுத்துத் தொழில் கற்றவர். மகன் டோட்டல் ஸ்டேஷன் வாங்கியவர். கொடிக்கம்பு பிடிக்க அக்காள் மகனோ, தம்பியோ. போர்டில் 'அன் சன்ஸ்' என்று போட்டுக்கொள்வதில்லை என்பதைத் தவிர மற்றபடி ஜவுளிக்கடை மாதிரியேதான்.

இந்தத் தொழிலைச் சமவெளியில் கற்றவர் மலையில் வந்து தடுமாறுவார். காரணம் சரிவு. அரசு ஆவணங்களில் எழுதப்படும் பரப்பு, நிலத்தைத் தட்டையாக்கிப் பார்த்தால் வருகிற பரப்பு. வானத்திலிருந்து நேராகக் கீழே பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். விவசாயி அளப்பதோ தன் காலடியில். 30 டிகிரி சரிவில் கயிற்றைத் தரையோடு போட்டு 100 மீட்டர் அளந்தால், சர்வே கணக்கில் அது 86.6 மீட்டர்தான். அப்படித் தரையோடு அளந்து ஒரு ஏக்கர் என்று விலை பேசி வாங்கியவருக்கு ஆவணத்தில் 86 சென்ட் சொச்சம்தான் வரும். "மீதி 13 சென்ட் எங்கே போச்சு?" என்று அவர் கேட்பார். யாரும் எடுக்கவில்லை, அது சரிவில் இருக்கிறது என்று புரியவைப்பதற்குள் சர்வேயருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். இதில் வாங்கியவருக்கு ஒரே ஆறுதல், ஏலச்செடிக்குத் தட்டைக் கணக்கு தெரியாது. அது சரிவு முழுவதும் வளரும்.

பழைய ஆட்கள் இதைத் தியோடலைட் இல்லாமலே சமாளித்தார்கள். 66 அடி, 100 கண்ணி கொண்ட குண்டர் சங்கிலியை மட்டமாகப் பிடித்து, நுனியிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, அது தொட்ட இடத்திலிருந்து அடுத்த பிடி. படிக்கட்டு இறங்குவது போல மலையை இறங்குவார்கள். ஒரு சதுரச் சங்கிலி என்றால் சரியாக 10 சென்ட் என்பதால் கணக்கு மனதிலேயே முடிந்துவிடும். கேரளம் பின்னர் ஆர் கணக்குக்கு மாறியது. ஒரு ஆர் சுமார் 2.47 சென்ட். இன்றும் மலையில் ஆவணம் ஆரில் பேசுகிறது, ஆள் சென்ட்டில் பேசுகிறார். இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர், மறுபடியும், அந்த ஒற்றை அறைக்காரர்தான்.

இந்த மலைகள் அளக்கப்படாதவை அல்ல. 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரண்டு லெப்டினன்ட்கள் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்கள் முழுவதையும் அளந்து படம் போட்டார்கள். வார்டு 1821-ல் பழனி மலைக்கும் ஏறினார். ஆனால் அவர்கள் போட்டது மலையையும் ஆற்றையும் ஊரையும் காட்டும் படம். யாருடைய தோட்டம் எதுவரை என்று சொல்லும் படம் அல்ல. அப்படி ஒன்றுக்கு அன்று தேவையும் இல்லை. தேவை பிறகு வந்தது, அதுவும் அலை அலையாக. முதலில் ஏலக் குத்தகைக்காரர்கள். இரண்டாம் உலகப் போரின்போது உணவுப் பஞ்சம், அதனால் நெல்லும் கிழங்கும் பயிரிடக் குறுகிய காலத்துக்குக் கொடுத்த குத்தகைப்பாட்டம். 1955-ல் பட்டம் தாணுப் பிள்ளை காலத்துக் குடியேற்றத் திட்டம், கல்லாரில் குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர். மாநில எல்லை பற்றிய வாதம் சூடாக இருந்த சமயம் அது. தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்துக்கு வர வேண்டும் என்று கேட்ட காலத்தில் நடந்த குடியேற்றம் என்பதைத் தமிழர்கள் மறக்கவில்லை. அதன்பின் யாரும் கூப்பிடாமலே வந்தவர்கள். 1977 ஜனவரி 1-க்கு முன் காட்டு நிலத்தில் குடியேறியவர்களுக்குப் பட்டா கொடுக்க 1993-ல் கேரளம் தனி விதிகள் போட்டது. இடுக்கி உட்பட ஐந்து மாவட்டங்களில் 28,588 ஹெக்டேருக்கு மத்திய அரசு 1995-ல் சம்மதித்தது. அதில் பெரும் பகுதி ஏல மலை.

ஆக, 1977-க்கு முன்னால் எங்கே யார் இருந்தார் என்பதுதான் இங்கே நிலத்தின் உயிர்நிலை. இதை எந்தக் கருவியும் சொல்லாது. மண்ணில் புதைந்த கல், கல்லைப் பார்த்த ஆள், பார்த்ததை எழுதி வைத்த நோட்டு, இவை சொல்லும்.

மலைக்குக் கீழே போடி, கம்பம் பக்கத்தில் இந்த நினைவுக்கு ஓர் ஆள் பரம்பரையாகவே இருந்தார். கணக்குப்பிள்ளை. அடங்கலும் சிட்டாவும் அவர் வீட்டுப் பரணில் கிடக்கும். அவர் வைத்ததே சட்டம் என்ற நிலை பல ஊர்களில் இருந்ததால், 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறையை ஒரே கையெழுத்தில் ஒழித்தபோது பரவலாக வரவேற்பு இருந்தது. உச்ச நீதிமன்றமும் 1982-ல் அதைச் சரியென்றது. சரிதான். ஆனால் அன்று ஆவணங்கள் கைமாறின, நினைவு கைமாறவில்லை. ஓடைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தவர் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தார், புதிதாக வந்த கிராம நிர்வாக அலுவலர் அவரிடம் கேட்க முடியாமல் தவித்தார்.

குடியேறிகளின் மலையில் அப்படிப்பட்ட பரம்பரை இல்லை. அந்த இடத்தைத்தான் தனியார் சர்வேயர் குடும்பங்கள் நிரப்பின. அதிகாரம் இல்லாத கணக்குப்பிள்ளைகள். இவர்கள் வரைந்து தரும் படத்துக்குச் சட்டத்தில் பெரிய மதிப்பில்லை, அரசு சர்வேயரின் ஸ்கெட்ச்தான் செல்லும். ஆனால் சிவில் கோர்ட் ஒரு வக்கீலை கமிஷனராக நியமித்து இடத்தைப் பார்த்து வரச் சொன்னால், அவர் பின்னால் கருவியோடு காட்டுக்குள் ஏறுகிறவர் பல சமயம் இந்த மாதிரி ஆள்தான். முப்பது நாற்பது வருஷம் இப்படி ஏறி இறங்கியவரின் பீல்டு புக்கில் இன்று இல்லாத கற்கள் இருக்கும். வெட்டப்பட்ட மரங்கள் இருக்கும். பட்டா வாங்குவதற்கு முன்பே செத்துப்போனவர்களின் பெயர்கள் இருக்கும். ஆபீஸின் உண்மையான சொத்து இந்த நோட்டுகள்தான். மகனுக்கு அது தெரிந்திருந்தால் நல்லது.

இப்போது வந்திருப்பது டிஜிட்டல் ரீசர்வே. 1966-ல் தொடங்கிய மறு அளவை அரை நூற்றாண்டு கடந்தும் முடியாததால், 2022 நவம்பர் 1-ல் கேரளம் புதிய திட்டத்தைத் தொடங்கியது. 1,550 கிராமங்கள் இலக்கு. மாநிலம் முழுவதும் 28 நிலையான செயற்கைக்கோள் நிலையங்கள், அவற்றோடு பேசும் கையடக்கக் கருவிகள், சென்டிமீட்டர் துல்லியம். நல்ல காரியம், சந்தேகமில்லை. அடர்ந்த மர நிழலில் சிக்னல் சரியாகக் கிடைக்காது, அங்கே மறுபடியும் டோட்டல் ஸ்டேஷனைத் தூக்க வேண்டும் என்பதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் வேறு. தவறான இடத்தையும் இந்தக் கருவி சென்டிமீட்டர் சுத்தமாகவே அளக்கும். அளவைக்காரர்கள் வரும் அன்று வேலி எங்கே இருக்கிறதோ அதுவே எல்லையாகப் பதிவாகும் அபாயம் உண்டு. தோட்டம் மலையில், வீடு போடியிலோ மதுரையிலோ சென்னையிலோ என்று இருக்கும் தமிழ் உடைமையாளர்கள் கொஞ்சம் பேர் அல்ல. அன்று ஆள் அனுப்பாதவர் பிறகு ஆட்சேபணை மனுவோடு அலைய வேண்டியதுதான். காலக்கெடு தாண்டிவிட்டால் அதுவும் கஷ்டம்.

இந்த இடத்தில் அரசு ஒரு காரியம் செய்யலாம். ஓய்வுபெற்ற அரசு சர்வேயர்களும் தனியார் சர்வேயர் குடும்பங்களும் வைத்திருக்கும் பழைய பீல்டு புக்குகளை விலை கொடுத்தோ, இரவல் வாங்கியோ பிரதி எடுத்து, அந்தந்தக் கிராமத்து சர்வே கோப்பில் சேர்க்கலாம். அவற்றை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு கோடு நகர்த்தியவர்களும் இந்தத் தொழிலில் இருக்கத்தான் செய்வார்கள். ஆனால் இரண்டு தரப்புக்கும் வெவ்வேறு வருஷங்களில் அளந்த நோட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொய் தானாக வெளியே வரும். கோர்ட்டுகள் செய்வதும் ஏறக்குறைய அதைத்தானே. செலவு என்று பார்த்தால் ஒரு ஸ்கேனர், ஒரு குமாஸ்தா.

இதைச் சீக்கிரம் செய்ய வேண்டியதற்குக் காரணம் சட்டம் அல்ல, மழை. ஜூனிலிருந்து நவம்பர் வரை நனைகிற ஊர் அது. தகரப் பெட்டிக்குள் வைத்த காகிதமும் பூஞ்சை பிடிக்கும், பென்சில் கோடு முதலில் மங்கும். அப்பாவுக்குப் பிறகு மகன் வளைகுடாவுக்குப் போய்விட்ட வீடுகளில் அந்தப் பெட்டியை யாரும் திறந்து பார்ப்பதுகூட இல்லை.