புரட்டாசி மாதத்துப் பூந்தோட்டம்

ஆங்கிலப் பாடநூல்களைக் கற்கும் நம் மாணவர் இலையுதிர் காலம் என்னுஞ் சொல்லை அடிக்கடி எதிர்ப்படுவர். குளிர்நாடுகளில் செப்டெம்பர் முதல் நவம்பர் வரையுள்ள அப்பருவத்திலே மரங்கள் செம்மையும் பொன்மையும் பூண்டு இலைகளை உதிர்க்கும். ஆயினும், அந்நாட்டுத் தோட்டக்காரர் அக்காலத்திற் கைகட்டி வாளாவிருப்பதில்லை. நிலம் உறைந்து இறுகுமுன்னே தூலிப்பு முதலியவற்றின் குமிழ்களை மண்ணிற் புதைத்து, வசந்தத்திற்கு வேண்டிய பூவை அப்பொழுதே தேடிக்கொள்வர்.

யாழ்ப்பாணத்திலோ அம்மாதங்களின் தோற்றமே வேறு. இங்கு இலை உதிர்வது பனியினால் அன்று, வறட்சியினால். வைகாசி தொடங்கி வீசிய சோளகம் ஆவணிக் கடைசியில் ஓயும். வாடைக்காற்று மழையைக் கொண்டுவருவது ஐப்பசியிலே. இவ்விரண்டிற்கும் இடையே காற்றும் அடங்கி, வானமும் வெறிதாகி, வளவெல்லாம் எதையோ எதிர்பார்த்து நிற்பதுபோலச் சில வாரங்கள் கழியும். பழந்தமிழர் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என வகுத்தனர். அக்கூதிருக்கு முந்திய இச்சில வாரங்களே நம் பூந்தோட்டத்தின் ஆண்டுப் பலனைத் தீர்மானிப்பவை. நல்லூர்க் கந்தனின் கொடி ஆவணி அமாவாசையை ஒட்டி இறங்கியதும், இல்லத்தவர் மண்வெட்டியைத் தேட வேண்டிய காலம் வந்ததென்று கொள்ளலாம்.

"மழை வரட்டும், பார்ப்போம்" என்பது நம்மவர் வாயில் வழங்கும் வார்த்தை. கோடை முழுதும் கிணற்றுநீர் வார்த்து அலுத்தவர் மழையை நம்பியிருப்பதில் வியப்பில்லை. ஆனால் பூக்கன்றுகள் மிகுதியாக மாள்வது கோடையில் அன்று, மாரியிலே என்பது கூர்ந்து நோக்குவார்க்குப் புலனாகும். கோடையில் வாடிய கன்று ஒருவாளி நீரில் நிமிர்ந்துவிடும். மாரியில் வேரழுகிய மல்லிகைக்கு மருந்தில்லை. மண்ணின் நுண்ணிய இடைவெளிகளில் உள்ள காற்றே வேருக்கு மூச்சு. நீர் தேங்கி அவ்விடைவெளிகள் அனைத்தும் நிரம்பினால் வேர் மூச்சுமுட்டி மடியும். இலை மஞ்சளாகி உதிர்வதைக் கண்டு, நீர் போதாதென எண்ணி மேலும் வார்ப்பாரும் உளர்!

ஆதலின் முதற்பணி, கோடையிற் கன்றைச் சுற்றி நாம் கட்டிய பாத்தி வரம்புகளை உடைப்பது. நீரைத் தேக்குவதற்கெனக் கட்டிய அக்குழி மழைக்காலத்திற் கன்றுக்கே பகையாகும். தண்டின் அடியிற் சிறிது மண்ணை அணைத்து, மேடு நடுவிலும் பள்ளம் புறத்திலுமாக அமைத்தல் வேண்டும். புதுப் பாத்திகளை அரையடி முதல் ஓரடி வரை உயர்த்திக்கொள்ளலாம்.

வடியும் நீரை எங்கே விடுவது? ஒழுங்கைக்கு வெட்டிவிடுவதே பலர் வழக்கம். அது தவறென்போம். நம் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறும் மழைக்காலத்தில் மாத்திரம் ஓடுவது. சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி நிற்கும் மழைநீரே பங்குனியிலும் ஆடியிலும் துலாவிலோ மோட்டரிலோ நாம் இறைக்கும் நீராகும். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள மூன்று மாதங்களிற் பெய்துவிடுகின்றது. அதனை ஒழுங்கைக்கு ஓட்டிவிட்டுச் சித்திரையிற் கிணறு உவர்க்கின்றதென முறையிடுவது முறையாகுமா? வளவின் ஒரு மூலையிற் பள்ளம் வெட்டி, அங்கே நீரை ஊறவிடுக. அதன் கரையில் வாழையோ சேம்போ நிற்கட்டும்.

நிற்க. மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுண்ணாம்புக்கல்லின்மேற் கிடக்கும் நம் செம்மண்ணும், அதனூடே ஊறிய கிணற்றுநீரும் காரத்தன்மை மிக்கவை. வீட்டு முற்றத்து வெட்சியின் இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதைக் காண்பவர் நோய் என்று அஞ்சுவர். மண்ணில் இரும்பு இருந்தும், காரமிகுதியால் வேருக்கு அது எட்டாமையே இதற்குக் காரணம். பசளைக் கடைக்கு ஓடுமுன், வீட்டிலுள்ளதைச் செய்து பார்க்கலாம். நன்கு உக்கிய மாட்டெருவும் இலைக்குப்பையும் இரண்டு கடகம் வேரடியிற் பரப்பி, மேலே பூவரசங்குழையை மூடிவிட்டால், மழைநீரும் உக்கலும் சேர்ந்து அக்காரத்தைச் சற்றுத் தணிக்கும். மழைநீரில் சுண்ணாம்பு இல்லை. மாரியில் வெட்சி பச்சைபிடிப்பதன் இரகசியம் பெரும்பாலும் இதுவே.

இனி, இப்பருவத்தின் பேரின்பமாகிய தடி நடுதலுக்கு வருவோம். செவ்வரத்தை, நந்தியாவட்டை, வெட்சி ஆகியன தடியிலிருந்து வேர்கொள்வன. பென்சிற் பருமனுள்ள முற்றிய கிளையை ஒருசாண் நீளத்திற்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே சரிவாக வெட்டிக்கொள்ளுக. கீழிலைகளை முற்றாக அகற்றி, நுனியில் இரண்டொன்றை மாத்திரம் விடுக. வேரில்லாத தடி இலைவழியே நீரை இழந்தால் உலர்ந்துபோமாதலின் இவ்வாறு செய்கின்றோம். ஆவியுயிர்ப்பு எனப் பாடநூலில் மாணவர் மனனஞ் செய்வது இதுவே. இரண்டு கணுக்கள் மண்ணுள் இருக்குமாறு நிழலில் நட்டு ஈரம் பேணினால், மூன்று நான்கு வாரங்களில் வேரோடும். தளிர் கண்டவுடன் வேர் வந்ததோவெனப் பிடுங்கிப் பார்க்கும் சிறுவரைத் தடுப்பதுதான் இதிலுள்ள பெரும்பாடு.

தடிகள் வீட்டுக்கு வீடு செல்வதிலே ஓர் உறவு இருக்கின்றது. கடையில் வாங்கிய கன்றுக்குப் பெயர் அட்டையில் இருக்கும். இரவலாகப் பெற்ற கன்றுக்கோ தந்தவர் பெயரே பெயர். "கொழும்பு மாமியின் செவ்வரத்தை" என்றும், "கோயிலடி ஐயர் வீட்டு நந்தியாவட்டை" என்றும் நம் இல்லங்களில் வழங்கக் கேட்கின்றோம். தந்தவர் காலஞ்சென்ற பின்னரும் அப்பெயர் மாறுவதில்லை.

1995 ஆம் ஆண்டு ஐப்பசியில், ஒக்டோபர் 30 ஆம் நாள், வலிகாமத்து மக்கள் கொட்டும் மழையில் வீடுகளை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். நாம் அப்போது பாடசாலை மாணவராயிருந்தோம். தடி நடும் அதே மாதம்! எடுத்துச் செல்வதற்கென்று எவரும் பூக்கன்றை நினைத்திருக்க மாட்டார். மறு ஆண்டு திரும்பியவர் பலர் முற்றத்திற் கண்டது பற்றைக்காடே. நீர்வார்ப்பாரின்றி ரோசாக்கள் பட்டுப்போயின. ஆயினும் கிணற்றடியிலே செவ்வரத்தையும், படியோரத்திலே நித்தியகல்யாணியும் பூத்து நின்றன. அவ்வொரு செவ்வரத்தையிலிருந்து எத்தனை வீடுகளுக்குத் தடி போயிற்று என்பதை அக்காலத்துத் தாய்மாரிடம் கேட்டறிக. கூரை வேய்வதற்கு முன்னரே தடி நட்டோரும் உளர். பூக்கன்று வளர்த்தல் பொழுதுபோக்கு என்பாருக்கு நாம் கூறும் விடை இதுவே.

விதைகளைப் பற்றிச் சுருங்கக் கூறுவோம். செவ்வந்தி, கோழிக்கொண்டை, வாடாமல்லிகை, காசித்தும்பை என்பவற்றின் விதையைப் புரட்டாசி நடுப்பகுதியில் நாற்றுமேடையில் தூவி, மெல்லிய மண்ணால் மூடுக. மேலே ஒரு கிடுகைச் சாய்த்துப் பந்தலிட்டால், திடீர் மழையில் விதை அள்ளுண்டு போகாது. செவ்வந்தி ஒரு வாரத்தில் முளைக்கும். ஒரு மாதத்தில் பெயர்த்து நடலாம். நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளை பெருகும். திருவெம்பாவைக் காலத்தில் முதற்பூவும், தைப்பொங்கலுக்குக் குடலை நிறைந்த பூவும் கிடைக்கும். விதையைக் கார்த்திகை வரை பின்போடுபவர், அடைமழையில் நாற்றழுகக் கண்டு வருந்துவர்.

செவ்வந்தி என்ற பெயரால் நம்மவர் இருவேறு செடிகளைச் சுட்டுவர். மேலே சொன்னது விதையால் வளர்வது. அதன் தாயகம் மெக்சிக்கோ. மற்றையது சீனத்திலிருந்து உலகெங்கும் பரந்த சாமந்தியினம். பக்கக்கன்றால் பெருகுவது. சீனர் தம் ஒன்பதாம் மாதத்து ஒன்பதாம் நாளில் அப்பூவைக் கொண்டாடுவர். இரவு நீளத் தொடங்கியதும் அது அரும்புகட்டும். இவ்வாறு இரவின் நீளத்தை அறிந்து பூக்கும் இயல்பை 1920 இல் அமெரிக்க அறிஞர் கானரும் அலாட்டும் வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்த செடிகளில் முதன்மையானது புகையிலை என்பது நம் கமக்காரருக்குச் சுவையாயிருக்கும். யாழ்ப்பாணத்தில் ஆனிமாதப் பகலுக்கும் மார்கழிமாதப் பகலுக்கும் வேறுபாடு ஏறக்குறைய 1 மணித்தியாலமே. நாம் உணராத அச்சிறு வேறுபாட்டைச் செடி உணர்கின்றது.

கத்தரிக்கோல் பிடிப்பவர்க்கு ஓர் எச்சரிக்கை. ரோசாவை ஐப்பசித் தொடக்கத்தில் வெட்டலாம். வெட்டி ஏறக்குறைய 45 நாளிற் பூ வரும். மல்லிகையை இப்பொழுது தொடவேண்டாம். கார்த்திகைக் கடைசியில், மழை சற்றுத் தணிந்தபின், நிலத்திலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டினால் பங்குனி முதல் அரும்பெடுக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மொட்டையடித்து வேலையை முடித்துவிடும் சுறுசுறுப்பு மனிதர்க்கு அழகாயிருக்கலாம். மல்லிகைக்கு அஃது ஆகாது.

வேலியில் நிற்கும் மஞ்சள் அலரியை வெட்டுபவர் அதன் காய்களைப் பொறுக்கி அகற்றுதல் வேண்டும். விதை கொடிய நஞ்சு. இம்மழையோடு வேலியிற் படரும் கார்த்திகைப்பூவும் அத்தகையதே. அதன் கிழங்கு உண்ணுங் கிழங்கினைப் போலத் தோன்றும். அறியாது உண்டு மாண்டவர் இந்நாட்டில் உளர். பூவின் அழகை வேலியிலேயே கண்டு மகிழ்வோம். கிளறும்போது கிழங்கு வெளிப்பட்டால் மீண்டும் ஆழப் புதைத்துவிடுக.

முதல் மழை பெய்த இரவே ஆபிரிக்க நத்தைகள் புறப்படும். ஈரச்சாக்கை நிலத்தில் விரித்து, கீழே பப்பாசி இலை வைத்தால் விடியுமுன் அங்கே திரளும். வெறுங்கையால் தொடாது குறட்டினாற் பொறுக்கி உப்புநீரில் இடுக. அவ்வேலையை வீட்டுப் பையன்களிடம் ஒப்படைத்தால் போதும். எண்ணிக்கையிற் போட்டியிட்டுக்கொண்டு செய்வர்.

நத்தையினும் கொடியது நுளம்பு. பூச்சாடியின் கீழ்த்தட்டு, வெட்டிய பேணி, சிரட்டை, கவிழ்க்காத வாளி இவற்றில் நிற்கும் தெளிநீரிலே டெங்கு நுளம்பு முட்டையிடும். முட்டை நுளம்பாகிப் பறக்க ஒரு வாரமோ சற்றுக் கூடவோ போதும். 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000 இற்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர் என்பதை மறத்தலாகாது. எனவே வெள்ளிக்கிழமைதோறும் வீடு மெழுகுவது போல, வாரத்தில் ஒருநாள் எல்லாச் சாடித் தட்டுகளையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுவதை வழக்கமாக்குக. பூவுக்காக வைத்த சாடியாற் குழந்தை நோயுறுவதைவிடச் சாடியில்லா முற்றம் நன்று.

இவ்வளவையும் செய்வது யார்? பல இல்லங்களில் ஒரு பாட்டியார், அல்லது அடுக்களையிலிருந்து கைதுடைத்துக்கொண்டு வரும் தாயார். தந்தையார் மழை வருமாவென வானத்தைப் பார்ப்பார். பிள்ளைகள் ரியூசனுக்குச் சென்றுவிடுவர். "படிக்கிற பிள்ளையை மண் கிண்டவிடலாமா?" எனப் பெற்றோர் கேட்பர். நாமும் ஆசிரியத் தொழிலில் உள்ளோமாதலின் பரீட்சையின் நெருக்கத்தை அறிவோம். ஆயினும் விதையிலையை வரைந்து காட்டத் தெரிந்த மாணவர், நாற்றுமேடையில் அதனைக் கண்டும் அறியாது நிற்பதை வகுப்பிற் பலமுறை பார்த்திருக்கின்றோம். கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் வளவில் நின்ற பிள்ளை அதனாற் சித்தியெய்தாமற் போனதை இதுவரை கண்டிலோம். மேலும், அறுபது வயது கடந்த ஒருவர் தனியே வாளி தூக்கும் முற்றத்திலே பூ எவ்வளவு மலர்ந்தாலும் அவ்வீட்டிற்கு அஃது ஒரு குறையே.

நவராத்திரிக்கு இப்பொழுது நட்ட எதுவும் உதவாது. அதற்குப் பவளமல்லிகை இருக்கின்றது. இம்மாதங்களில் இரவிலே விரிந்து விடியலிலே உதிர்வது அதன் இயல்பு. நிலத்தில் வீழ்ந்த பூ பூசைக்கு ஆகாதென்ற விதிக்கு அதனை விலக்காகக் கொள்வது நம்மவர் வழக்கம். மாலையிலே மரத்தடியைக் கூட்டி, சாணநீர் தெளித்து, தூய துணியொன்றை விரித்துவிட்டால், காலையிற் சிறுபிள்ளைகளும் குனிந்து பொறுக்கலாம். அதுவும் தோட்டவேலையே.

சாடியில் ரோசா வளர்ப்பது குறித்து வாசகர் சிலர் வினவியுள்ளனர். மழை தொடங்கிய பின்னர் அதனை எழுதுவோம். அதற்கிடையில் பாத்தி வரம்புகளை உடைத்து வைக்க.