நாடகக் கோலம்

இயற்றமிழ் அறிவுக்கு விருந்து. இசைத்தமிழ் செவிக்கு விருந்து. நாடகத் தமிழோ அவ்விரண்டையும் தன்னுள் அடக்கிக்கொண்டு கண்ணுக்கும் விருந்தாகின்றது. ஆதலின், நாடகத்திற்குப் பாட்டும் உரையும் எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாதது நடிப்போர் பூணும் கோலம். பாட்டைப் பயிலவும் உரையை மனப்பாடம் செய்யவும் திங்கட்கணக்கில் உழைக்கும் பள்ளிகள் பல, கோலத்தை மட்டும் விழாவிற்கு முதல்நாள் வாடகைக்கு வருவித்துக்கொள்கின்றன. இவ்வழக்கம் நன்றுதானா என்பது எண்ணிப் பார்த்தற்குரியது.

வாடகைக் கடையில் அரசன் என்றால் ஒரே அரசன்தான். சரிகை பதித்த மகமல் சட்டை, பளபளக்கும் கிரீடம், ஒட்டு மீசை, தகட்டு வாள் ஆகிய இவையே சங்ககால வள்ளலுக்கும், தசரதனுக்கும், வீரபாண்டிய கட்டபொம்மனுக்கும் மாறி மாறி வரும். யாருக்கோ தைத்த சட்டை யார் தோளிலோ தொங்கும். கிரீடம் காதுவரை இறங்கும். பாடத் தொடங்கிய சிறுவன் ஒரு கையால் அதனைத் தாங்கிக்கொண்டே பாடுவான், அவையோர் நகைப்பர். இவை பொறுக்கத்தக்க குறைகளே. பொறுக்கலாகாத குறை ஒன்று உண்டு. வாடகைப் பணத்தை நடிக்கும் மாணவரே கொண்டுவரவேண்டும் என்பது பல இடங்களில் வழக்கம். இனிய குரலும் நல்ல நினைவாற்றலும் வாய்ந்த ஒரு மாணவி, பணம் கேட்கப்பட்ட மறுநாள், "எனக்கு நாடகத்தில் விருப்பம் இல்லை" என்று கூறி விலகிக்கொள்கிறாள். இல்லாதது விருப்பம் அன்று, வீட்டில் பணம். அவளுக்குரிய இடம் பணம் கொடுக்கவல்ல மற்றொருத்திக்குப் போய்விடுகின்றது. கல்விக்கூடத்தில் நிகழத்தகாத செயல் இது.

இதற்கு மாற்று யாது? வேண்டும் கோலங்களை மாணவர் தாமே எண்ணி, வரைந்து, வெட்டி, தைத்து அமைத்துக்கொள்வதே தக்க மாற்றாகும். இஃது இயலுமோ என ஐயுறுவோர்க்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பேகன் மயிலுக்குப் போர்வை அளித்த செய்தி மாணவர் அறிந்ததே. அதனை ஒரு பள்ளி இசைநாடகமாக நடிக்க முற்படுகின்றது என வைத்துக்கொள்க. கோலம் அமைப்போர் முதலில் கையில் எடுக்கவேண்டுவது கத்தரிக்கோல் அன்று; நூலேயாகும். மயில் அதனை உடுத்தாது, போர்த்துக்கொள்ளாது என்பதை அறிந்தும் பேகன் ஈந்தான் எனப் பரணர் பாடியுள்ளார். ஆகவே, இந்நாடகத்தின் உயிர் அப்போர்வையே என்பது விளங்கும். மேடையில் உள்ள துணிகள் அனைத்தினும் அஃது ஒன்றே எழில் மிக்கதாதல் வேண்டும். பாணரும் குன்றவரும் வெளிறிய பருத்தி ஆடையில் நிற்க, போர்வையை ஈந்தபின் பேகனும் எளிய வெள்ளாடையோடு நிற்பானாயின், ஈகையின் பெருமை ஒரு சொல்லும் இன்றி அவையோர் நெஞ்சிற் புகும். வாடகைக் கோலத்திலோ எல்லாம் மின்னும். எல்லாம் மின்னுமிடத்தில் எதுவும் விளங்குவதில்லை.

இனி, மயிலின் கோலத்தைக் காண்போர் வியக்குமாறு அமைப்பதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. தோகைக்கு மெல்லிதாகச் சீவிய மூங்கிற் பிளாச்சுகளும் தென்னை ஈர்க்குகளும் போதும். பழைய நீலச் சேலையின் கிழிசல்களும், சாயம் தோய்த்த பனையோலைகளும் இறகுகளாகும். இறகின் கண்ணுக்கு நடுவே கருநீலம், அதனைச் சூழ்ந்து பசுமை கலந்த நீலம், அதன் புறத்தே செம்பின் நிறம் என வட்டங்களை வெட்டி ஒட்டலாம். மயிலின் தலையைக் காகிதக்கூழால் செய்யலாம். செய்தித்தாளை நீரில் ஊறவைத்துப் பிழிந்து, பசை கலந்து, களிமண் உருவின்மேற் பூசி, வெயிலில் நன்கு உலர்த்தி எடுத்தால், உறுதியும் இலேசும் உடைய ஓடு கிடைக்கும். கொலுவில் இடம்பெறும் காகிதக்கூழ்ப் பொம்மைகளிலும் இப்பொருளின் இயல்பைக் காணலாம்.

கண்ணுக்கு அழகாயிருத்தல் மட்டும் கோலத்திற்குப் போதாது. இசைநாடகத்தில் நடிப்பவர் பாடவும் வேண்டும், ஆடவும் வேண்டும். மார்பை இறுக்கும் சட்டை மூச்சை அடக்கும். வாயை மூடும் முகமூடி பாட்டை விழுங்கும். காதை மறைக்கும் தலையணி சுருதியைக் கேளாதபடி செய்யும். தோகையின் சுமை கழுத்தில் தொங்காமல், அகன்ற அரைப்பட்டையின் வழியாக இடுப்பில் தங்குதல் வேண்டும். மேடையின் குறுகிய வாயிலில் நுழையும்போது தோகை மடங்கவும் வேண்டும். கடைசி வரிசையில் இருப்போர்க்கு நுண்ணிய பூவேலை தெரியாது. பெரிய கோடும் அழுத்தமான நிறமுமே தெரியும். சிவப்பு ஒளியிற் பச்சைத் துணி கறுத்துத் தோன்றும். ஆதலின், மயில் ஆடும் காட்சிக்குச் செவ்வொளி ஆகாது. காகிதமும் ஓலையும் எளிதில் தீப்பற்றுவன. அவற்றை அணிந்தோர் அருகே எரியும் விளக்கு இருத்தல் கூடாது.

இந்நுட்பங்கள் நம் நாட்டுக்குப் புதியன அல்ல. புரிசை முதலிய வடதமிழக ஊர்களில் வாழும் தெருக்கூத்துக் கலைஞர்கள், இலேசான மரத்திற் செதுக்கிய கிரீடத்தையும் புயக்கட்டைகளையும் கண்ணாடிச் சில்லுகளாலும் வண்ணத் தாள்களாலும் ஒப்பனை செய்து அணிகின்றனர். விடியவிடிய ஆடவேண்டியவர்க்குக் கனத்த பொன்னும் மணியும் எதற்கு? விளக்கொளியில் ஒரு கண்ணாடிச் சில்லே மணியாகின்றது. கடல்கடந்த நாட்டிலும் இவ்வுண்மையைக் காணலாம். 1997ஆம் ஆண்டு நியூயார்க்கு நகரில் 'சிங்க அரசன்' என்னும் இசைநாடகம் அரங்கேறியபோது, அதனை இயக்கிய ஜூலி டேமோர் என்னும் அம்மையாரே அதன் கோலங்களையும் வகுத்தார். சிங்க முகத்தை நடிகரின் முகத்தில் மாட்டாமல் தலைக்குமேல் அமைத்தார். விலங்கின் தோற்றமும் மனிதரின் மெய்ப்பாடும் அதனால் ஒருங்கே புலப்பட்டன. அக்கோலங்களுக்காக 1998ஆம் ஆண்டு அவருக்கு டோனி விருது வழங்கப்பட்டது.

இவற்றிலெல்லாம் நேரத்தைச் செலவிட்டால் படிப்புக் கெடும் எனச் சிலர் கூறுவர். விழாவிற்கு முதல்வாரத்தில் தொடங்கினால் கெடும் என்பது மெய்யே. பருவத் தொடக்கத்திலேயே வாரம் ஒருமுறை என வரையறுத்துக்கொண்டால் படிப்பு வளருமேயன்றிக் கெடாது. 1 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டப் போர்வையை ஒரே துணியில் வெட்ட 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் வேண்டும் என்று கணக்கிடும் மாணவன், வட்டத்தின் இலக்கணத்தை எளிதில் மறவான். ஒளியும் நிறமும் பற்றிய பாடம் துணியில் மெய்ப்படும். பாட்டின் பொருளை உணராமற் கோலத்தை வரைய முடியாதாகையால், தமிழ்ப் பாடமும் ஆழ்ந்து பதியும்.

மேலும், மேடை ஏறும் வாய்ப்புப் பத்துப் பன்னிருவர்க்கே கிட்டும். கோலம் அமைக்கும் பணியோ வகுப்பு முழுவதற்கும் உரியது. தையற்காரர் மகன் வெட்டும் முறையை மற்றவர்க்குக் காட்டுவான். கூடை முடைவோர் மகள் பிளாச்சு வளைக்கக் கற்பிப்பாள். வீட்டுத் தொழிலைச் சொல்ல நாணியிருந்த பிள்ளை அன்று ஆசிரியனாகின்றது. கைத்தொழிலின் மதிப்பை இதனினும் நன்கு உணர்த்தும் பாடம் வேறு யாது? ஒரு தையல் கோணலாயிருக்கலாம். ஓர் இறகு உதிரலாம். வாடகைக் கோலத்தின் பளபளப்பு அதில் இல்லாமற் போகலாம். ஆயினும், "அது நாங்கள் செய்தது" என்று சொல்லும் பெருமை அதில் உண்டு.

கேட்க வாயில்லாத மயிலுக்கும் போர்வை ஈந்தவன் பேகன். அவன் கதையை நடிக்கும் மேடையிலேயே, பணமில்லை என்று சொல்ல நாணிய ஒரு குழந்தை ஏறமுடியாமல் ஒதுங்கி நிற்குமாயின், அந்நாடகம் நடந்தும் நடவாததே ஆகும். பள்ளி நாடகத்தின் கோலம் பள்ளியிலேயே பிறத்தல் வேண்டும். அது யாரையும் விலக்காததாய், எல்லார் கையும் பட்டதாய் இருத்தலே அதற்கு அழகு.