தரவரிசையில் தமிழ் எங்கே?

நடுவணரசு 2018 முதல் சட்டக் கல்விக்கூடங்களைத் தரவரிசைப்படுத்துகின்றது. கற்பித்தல், ஆய்வு, தேர்ச்சி எனப் பல அளவுகோல்கள்! மதிப்பீட்டு அவையோ மாணவரின் உளநிறைவையும் கேட்டுப் பதிகின்றது. பட்டம் பெற்றவன் தமிழனின் வழக்கைத் தமிழில் எடுத்துரைக்க வல்லனா என்பதற்கு மட்டும் அளவுகோல் இல்லை! திருச்சிராப்பள்ளிச் சட்டப் பல்கலைக்கழகத்தில் நுழையவே ஆங்கிலத் தேர்வன்றோ வாயில்!

வழக்கறிஞர் நேசமணி தலைமையில் போராடி, 1954-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துமுக்கிக் குண்டுகளுக்கு உயிரீந்து, 1956-இல் தாய்த்தமிழகத்தோடு இணைந்த மண் குழித்துறை. 1976-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கீழமை மன்றங்களில் தமிழை அமர்த்தியது. உயர்முறைமன்றக் கதவோ, தமிழகச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் நிறைவேற்றிய பின்னும் திறக்கவில்லை. மாணவன் நிறைவுற்றானா என்போர், வழக்காடி நிறைவுற்றானா என்று கேட்டதுண்டா? குழித்துறை மன்றத்தில் தன் வழக்கைத் தன் காதால் கேட்டறிந்த உழவன், மேல்முறையீட்டிற்கு மதுரைக் கிளை சென்றால், தன் நிலத்தைப் பற்றி உள்ளே என்ன பேசினர் என்று வெளியே வந்து வழக்கறிஞரைக் கேட்கின்றான்.